மூளையைப் படிக்க மருத்துவபீடம்தான் வாசலா?

உயர்தரப் பெறுபேறுகள் வெளியான மாதத்தில் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் இரட்டிப்பாகிவிடும். இம்முறை என்ன காற்று வீசியதோ, மூளை, மனம், உளவியல் என்று கேட்டவர்களே அதிகம். நான் விலங்கியல் படித்து, பிறகு வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றில் பிறர் தலையில் மின்வாய் ஒட்டிப் பிழைத்து, திருகோணமலைக்கே திரும்பிவந்து கற்பிப்பவள் என்பதால் இதழாசிரியர் எல்லாவற்றையும் என் மேசைக்குத் தள்ளிவிட்டார். தாதியர் பயிற்சி, தொழினுட்பப் பிரிவு பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுக்க வேண்டும்.

டீச்சர், உயிரியல் பிரிவில் இரண்டாம் தடவையும் எழுதி ஒரு பி, இரண்டு சி எடுத்திருக்கிறேன். என் மாமாவுக்கு யுத்த காலத்தில் மிதிவெடியில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இல்லாத அந்தக் காலின் பெருவிரல் இப்போதும் இரவில் அரிக்கிறது என்கிறார். சில நாட்களில் எரிகிறது என்கிறார். இது ஏன் என்று படிக்க ஆசைப்படுகிறேன். மருத்துவபீடத்துக்காக மூன்றாம் தடவையும் எழுது என்கிறார்கள் வீட்டில். எழுதவா, விடவா?
— பெயர் வேண்டாம், கிண்ணியா

மகள், வீட்டார் சொல்வது இருக்கட்டும். உங்களை இழுப்பது நோயாளியா, அந்த ‘ஏன்’ என்ற கேள்வியா? மாமாவைப் போன்றவர்களைப் பரிசோதித்து மருந்தெழுத வேண்டுமென்றால் மருத்துவப் பட்டத்துக்கு மாற்று கிடையாது. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைதான் கணக்கில் எடுப்பார்கள். கடைசித் தடவை என்று தெரிந்துகொண்டே எழுதுங்கள். ‘ஏன்’தான் உங்களைத் தூங்கவிடவில்லை என்றால், இன்னொரு வருடத்தை டியூஷன் வகுப்பு வாங்கில் கழிக்க வேண்டாம் என்பேன்.

உங்கள் மாமாவின் கால்விரலைப் பற்றி உலகம் நூறு வருடங்களுக்கு மேலாக யோசிக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்தவர்களைப் பார்த்து இதற்கு ‘phantom limb’ (மாய உறுப்பு) என்ற இன்றைய ஆங்கிலப் பெயரை வழங்கியவர் சைலஸ் வியர் மிட்செல் என்ற மருத்துவர். நம்மவர் வி. எஸ். இராமச்சந்திரனும் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர்தான். (இதை வீட்டில் வாசித்துக் காட்டாதீர்கள், உம்மாவின் கட்சி வென்றுவிடும்.) ஆனால் அவர் மருத்துவத்தோடு நிற்கவில்லை, கேம்பிரிட்ஜ் போய்க் கலாநிதிப் பட்டம் பெற்றுப் பார்வை உணர்வை ஆராய்ந்துகொண்டிருந்தவர். 1990களில் இந்தப் பக்கம் திரும்பி, ஒரு பெட்டியையும் முகம் பார்க்கும் கண்ணாடியையும் வைத்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார். இருக்கும் கையின் பிம்பம், இல்லாத கை இருக்க வேண்டிய இடத்தில் தெரியும்படி கண்ணாடியை நிறுத்துவார். இருக்கும் கையை அசைத்தால் இல்லாத கையும் அசைவதாகக் கண் சொல்லும். வருடக்கணக்காக இறுகப் பொத்திக்கிடந்த ‘கை’ விரிந்துகொண்டதாகச் சிலர் சொன்னார்கள்.

அவர் தந்த விளக்கம் இது. தொடுகையை உணரும் மூளைப் பட்டையில் கையின் இடமும் முகத்தின் இடமும் அடுத்தடுத்த வளவுகள். கையிலிருந்து செய்தி நின்றதும் முகம் வேலியைத் தள்ளிப் போட்டுவிடுகிறது. அதனால் கன்னத்தைத் தொட்டால் இல்லாத விரலில் தெரிகிறது. பாடநூல்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்ட விளக்கம். ஆனால் 2013இல் தமர் மேக்கின் குழுவினர் கை இழந்தவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, வலி அதிகமாக இருந்தவர்களிடம் அந்தக் கைக்குரிய பகுதி கூடுதலாகப் பழையபடியே இருந்தது. பறிபோன இடம் வலிக்கிறதா, பறிபோகாமல் காத்திருக்கும் இடம் வலிக்கிறதா? வழக்கு முடியவில்லை. கண்ணாடிச் சிகிச்சைக்கும் அதே கதைதான். 2007இல் கால் இழந்த அமெரிக்கப் படையினரிடம் செய்த பரிசோதனை நல்ல பலன் காட்டியது. அதில் சேர்க்கப்பட்டவர்கள் 22 பேர். அவ்வளவு சிலரை வைத்து எல்லோருக்கும் தீர்ப்பு எழுத முடியாது. உங்களைப் போன்றவர்களுக்கு இடம் இருப்பது இங்கேதான்.

மருத்துவர் அல்லாதவர்கள் இந்தத் துறையில் கடைசி வாங்கிலும் இருக்கவில்லை. மூளை இடத்தை எப்படி அறிகிறது என்பதற்காக 2014இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் ஒஸ்லோவில் உளவியல் படித்தவர்கள். பிரெண்டா மில்னர் கணிதம் படிக்கவென்று கேம்பிரிட்ஜ் போய் உளவியலுக்கு மாறியவர். 1953இல் சத்திரசிகிச்சைக்குப் பிறகு புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாமல் போன ஒரு நோயாளியிடம், கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் வேலையை அவர் தினமும் கொடுத்துப் பார்த்தார். முந்தின நாள் வரைந்ததே அந்த மனிதருக்கு நினைவில்லை. கை மட்டும் நாளுக்கு நாள் தேறியது. நினைவு ஒரே வகையானதல்ல என்று உலகம் கற்றுக்கொண்டது இப்படித்தான். மில்னரிடம் இருந்தது பென்சிலும் தாளும் பொறுமையும்.

சரி, விண்ணப்பத்துக்கு வருவோம். இசட் புள்ளியை நீங்கள் எழுதவில்லை. அது இல்லாமல் இந்தப் பீடம், அந்தப் பீடம் என்று நான் சொல்வது சாத்திரம் சொல்வதாகிவிடும். அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் தகுதி, 55 சதவீதம் மாவட்ட அடிப்படை, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகம். அந்தப் பின்தங்கிய பட்டியலில் திருகோணமலையும் இருக்கிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் மாணவர் கைந்நூலை எடுத்து மாவட்ட வெட்டுப்புள்ளிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். ‘நரம்பறிவியல்’ என்ற பெயரைத் தேடாதீர்கள்; விலங்கியல், உடற்றொழிலியல், மூலக்கூற்று உயிரியல் போன்ற பெயர்களுக்குக் கீழே அது இருக்கும். வந்தாறுமூலை, யாழ்ப்பாணம், பேராதனை மூன்றிலும் விலங்கியல் உண்டு. ராகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தில் பேச்சு, கேட்டல் விஞ்ஞானப் பட்டம் ஒன்று இருக்கிறது. பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சிழந்தவர்களோடு வேலை செய்யும் துறை அது. இதை ஏன் நம் பிள்ளைகள் தெரிவுப் பட்டியலில் கீழே தள்ளுகிறார்கள் என்று எனக்கு விளங்குவதில்லை. மூளையும் மொழியும் சந்திக்கிற இடம், கையில் தொழிலும் இருக்கும், தமிழில் அந்தச் சிகிச்சை தரக்கூடியவர்களும் போதாது.

எங்கே சேர்ந்தாலும் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தை எடுங்கள். கடைசி வருடத்தில் செய்யும் ஆய்வுக்கட்டுரைதான் பிறகு உங்களுக்காகப் பேசும். புள்ளிவிபரவியல் பாடத்தைத் தெரிவுப் பாடமாகத் தந்தால்கூட விடாதீர்கள்.

மாமாவிடம் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். அது சிகிச்சை; உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் பக்கத்தில் இருக்க வேண்டிய வேலை. அவர் சம்மதித்தால் ஒரு கொப்பி வாங்கி, அரித்தது எத்தனை மணிக்கு, எந்த விரல், எரிவா குத்தலா, அன்று செயற்கைக்காலை எவ்வளவு நேரம் போட்டிருந்தார், மழையா வெயிலா என்று அவர் சொல்கிற சொற்களிலேயே எழுதிவையுங்கள். வைத்தியரிடம் போகும்போது அவருக்கே பயன்படும். நீங்களும் கவனிக்கப் பழகுவீர்கள்.

மகள் கலைப்பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்து உளவியல்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். சட்டம் படி என்றால் கேட்கவில்லை. இது மனநோயாளிகளோடு கிடக்கிற படிப்பல்லவா? வேலை கிடைக்குமா? நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது என்ன சொல்வது?
— ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர், உவர்மலை

ஐயா, மூன்றாவது கேள்விக்கு இந்தப் பகுதியில் பதில் கொடுப்பதில்லை.

முதலாவதற்கு வருகிறேன். மனநோய்க்கு மருந்து தருபவர் உளமருத்துவர். அவர் மருத்துவபீடத்தில் படித்து, கொழும்பில் பட்டப்பின் மருத்துவக் கல்வி நிறுவனத்தில் உளமருத்துவத்தில் மேற்படிப்பை முடித்தவர். உங்கள் மகள் படிக்கப் போவது அதுவல்ல. உளவியல் என்பது கவனம், நினைவு, பயம், பிள்ளை மொழி கற்பது, கூட்டம் சேர்ந்தால் மனிதர் மாறுவது ஆகியவற்றை அளந்து பார்க்கும் படிப்பு. ‘அளந்து’ என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். மனிதர் மனதை வாசிக்கலாம் என்று எண்ணிச் சேர்ந்துவிட்டு, இரண்டாம் பருவத்தில் புள்ளிவிபரவியலைக் கண்டு அழும் பிள்ளைகள் நிறையப் பேர். மகளிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள்.

இந்தத் துறை தன்னைத்தானே அளந்த கதையையும் சொல்லலாம். 2015இல் பெரியதொரு ஆய்வாளர் குழு, பேர்பெற்ற சஞ்சிகைகளில் வந்த 100 உளவியல் ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்தது. மூலக் கட்டுரைகளில் 97 சதவீதம் புள்ளிவிபர ரீதியில் முக்கியமான முடிவைக் காட்டியிருந்தன. மீளச் செய்தபோது அப்படிக் காட்டியவை 36 சதவீதம். வெளியே இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு மரியாதை கூடியது. தன் வீட்டு அழுக்கை எண்ணிப் பார்த்து அந்த எண்ணிக்கையை அச்சிலும் போடுகிற துறைகள் எத்தனை?

வேலை பற்றி மழுப்ப மாட்டேன். இளமாணிப் பட்டம் மட்டும் போதாது. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர் பதவிகள் உண்டு. தொண்டு நிறுவனங்களில் ஒப்பந்த வேலைகள் உண்டு, திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். மருத்துவ உளவியலாளராக வர முதுநிலைப் பட்டமும் மேற்பார்வையோடு கூடிய பயிற்சியும் வேண்டும். ஆறேழு வருடம் பொறுக்கக்கூடிய குடும்பமாக இருந்தால் படிக்கவிடுங்கள். பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் கலைப்பீடத்தில் உளவியல் இருக்கிறது. திறந்த பல்கலைக்கழகத்திலும் உளவியலில் சிறப்புப் பட்டம் இருக்கிறது. கட்டாயப்படுத்திச் சட்டத்தில் சேர்த்தால் மகள் நல்ல சட்டத்தரணியாகவும் வரலாம். அந்த வாதத் திறமையின் முதல் பலன் உங்களுக்குத்தான் கிடைக்கும்.

கோணேசபுரி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் மூன்றாம் வருடம் படிக்கிறேன். நரம்பறிவியலில் ஆர்வம். உயிரியலை ஓ.எல்லோடு விட்டுவிட்டேன். தாமதமாகிவிட்டதா?
— மாணவன், நிலாவெளி

தம்பி, நீங்கள்தான் இன்று அவர்களுக்கு வேண்டிய ஆள். ஆய்வுகூடங்களில் தரவு மலையாகக் குவிந்து கிடக்கிறது. கணக்குத் தெரிந்தவர்களைத் தேடுகிறார்கள்.

கணவாயிலிருந்து ஆரம்பியுங்கள். சும்மா சொல்லவில்லை. ஒருவகைக் கணவாயின் உடலில் ஓடும் பெரிய நரம்பிழை ஒரு மில்லிமீற்றர் வரை தடிப்பம் இருக்கும். கண்ணால் காணலாம், உள்ளே மின்வாயைச் செலுத்தலாம். அலன் ஹொட்ஜ்கினும் அன்ட்ரூ ஹக்ஸ்லியும் இங்கிலாந்தின் பிளிமத் கரையில் அதைச் செய்தார்கள். நரம்பில் மின்துடிப்பு எப்படி எழுகிறது என்பதை நான்கு வகையீட்டுச் சமன்பாடுகளில் 1952இல் எழுதினார்கள். அந்த நேரம் கேம்பிரிட்ஜ் கணினியைப் பயன்படுத்த முடியாமலிருந்ததால், ஹக்ஸ்லி கையால் சுழற்றும் கணக்குப் பொறியில் நாட்கணக்காகச் சுழற்றித் தீர்வு கண்டார். 1963இல் நோபல் பரிசு. உங்கள் மடிக்கணினி அதைக் கண்ணிமைப்பதற்குள் செய்துவிடும். பைதனில் அந்த நான்கு சமன்பாடுகளையும் எழுதி, மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, எந்த அளவில் துடிப்பு எழுகிறது, எப்போது தொடர்ந்து துடிக்கிறது என்று படம் வரையுங்கள். இதை யாருடைய உதவியும் இல்லாமல் முடித்தீர்களானால் உயிரியலில் உங்களுக்கு ஆனா தெரிந்துவிட்டது. மற்றதை நூலகத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

அடுத்து, பொதுவெளியில் இலவசமாகக் கிடைக்கும் மூளைத் தரவு. ஓப்பன்நியூரோ என்ற களஞ்சியத்தில் உலகெங்குமுள்ள ஆய்வாளர்கள் ஸ்கேன்களையும் ஈஈஜி எனப்படும் மூளை மின்னலைப் பதிவுகளையும் போட்டுவைத்திருக்கிறார்கள். 2020இல் கொவிட் காலத்தில் தொடங்கிய நியூரோமேட்ச் என்ற இணையவழிக் கோடைகாலப் பள்ளியின் பாடங்கள் முழுவதும் திறந்தே இருக்கின்றன.

ஸ்கேன் தரவைத் தொடுமுன் சல்மன் மீனின் கதை தெரிந்திருக்க வேண்டும். 2009இல் கிரேக் பென்னெட்டும் கூட்டாளிகளும் ஒரு செத்த சல்மனை ஸ்கேன் இயந்திரத்தில் கிடத்தி, மனிதர்களின் படங்களைக் காட்டி, ‘இவர் என்ன உணர்கிறார்?’ என்று கேட்டார்கள். வழக்கமான முறையில் கணித்தபோது மீனின் மூளையில் ஒரு புள்ளி ஒளிர்ந்தது! மூளையை ஆயிரமாயிரம் சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் தனித்தனியே சோதனை நடத்தினால், தற்செயலாகவே சில கட்டங்கள் ‘ஆம்’ என்று சொல்லும். அதற்குரிய திருத்தத்தைச் செய்ததும் மீன் மறுபடி செத்துவிட்டது. நகைச்சுவை என்று நினைத்தவர்களும், தங்கள் பழைய கட்டுரைகளை இரகசியமாகப் புரட்டிப் பார்த்தவர்களும் உண்டு.

கடைசியாக, தரவு எங்கிருந்து வருகிறது என்பதை ஒருமுறையாவது கையால் தொட்டுப் பாருங்கள். ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலையை முதன்முதலில் பதிவுசெய்தார். மைக்ரோவோல்ற் கணக்கிலான சமிக்ஞை அது. பல்லைக் கடித்தாலும் கண்ணைச் சிமிட்டினாலும் அதற்குள் அது மூழ்கிவிடும். என் ஆய்வுகூட நாட்களில் பெரும்பகுதி பிறர் தலைமயிரைப் பிரித்துப் பசை தடவுவதில் போனது. அங்கே தமிழ்ப் பெண்கள் பங்குபற்ற வந்தால் முதல் கேள்வி, ‘தலைக்கு எண்ணெய் வைத்திருக்கிறீர்களா?’ எண்ணெய் இருந்தால் மின்வாய் தோலோடு சரியாகத் தொடர்பு கொள்ளாது. திருகோணமலையில் ஒருநாள் ஈஈஜி ஆய்வுகூடம் வந்தால், வெள்ளிக்கிழமை முழுக்கு முடிந்த கையோடு யாருக்கும் நேரம் கொடுக்காதீர்கள்.

மனிதர் மூளையில் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று கருத்தரங்கொன்றில் சொன்னார்கள். மீதியை எழுப்ப வழி உண்டா?
— உப்புவெளி

இல்லை, அது தூங்கவில்லை. உடல் எடையில் ஏறக்குறைய 2 சதவீதமான மூளை, நாம் சும்மா இருக்கும்போதே உடலின் சக்தியில் 20 சதவீதத்தைத் தின்கிறது. பயன்படுத்தாத உறுப்புக்கு இவ்வளவு தீனி போட உடலுக்குப் பைத்தியமில்லை. கருத்தரங்குக்குக் கட்டணம் வாங்கினார்களா?

எனக்கு வயது 36. பாலர் பாடசாலை ஆசிரியை. சுனாமிக்குப் பிறகு எங்கள் கிராமத்துக்கு உளவளத்துணை என்று வந்தவர்களுக்கு உதவியாளராக ஓடித்திரிந்தேன். வந்தவர்கள் எல்லோரும் தாள் நிரப்பிக்கொண்டு போனார்கள். என்ன கண்டுபிடித்தார்கள் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இதை நாமே ஆராய முடியாதா? இந்த வயதில் படிக்க முடியுமா?
— மூதூர்

தங்கச்சி, இந்த மாதத்து மிகச் சிறந்த ஆய்வுக் கேள்வி உங்களுடையது.

அப்போது வந்தவர்களில் சிலர், அனர்த்தம் நடந்த கையோடு எல்லோரையும் உட்காரவைத்து நடந்ததை ஒருதரம் முழுவதுமாகச் சொல்லவைத்தால் பின்னால் மனவடு வராது என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்தது. பல பரிசோதனைகளைச் சேர்த்து எடைபோட்ட 2002ஆம் ஆண்டு மீளாய்வு, அப்படி ஒரேயொரு அமர்வில் பேசவைப்பது மனவடுவைத் தடுப்பதாகக் காணவில்லை; சிலருக்குத் தீங்காகவும் இருக்கலாம் என்றது. இன்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது உளவியல் முதலுதவியை. முதலில் பாதுகாப்பு, சாப்பாடு, உறவினரைத் தேடிச் சேர்த்தல். பேச விரும்பினால் கேட்டிருத்தல். விரும்பாவிட்டால் கிண்டாமல் விடுதல். உங்கள் ஊர்ப் பெரியம்மாமார் பலர் யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்தது இதைத்தான். ஆனால் அவர்கள் என்ன செய்தார்கள், யாருக்கு அது உதவியது என்று முறையாக எழுதிவைத்தவர் எத்தனை பேர்?

செய்தவர்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், யுத்தமும் சுனாமியும் தனிமனிதரோடு நிற்காமல் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே உடைப்பதை எழுதினார். ‘கூட்டு மனவடு’ பற்றிய அவருடைய 2007ஆம் ஆண்டுக் கட்டுரை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கலாநிதி காயத்ரி பெர்னாண்டோ, வெளிநாட்டுக் கேள்வித்தாளைக் கொண்டுவந்து நிரப்புவதை விட்டு, துன்பப்பட்ட ஒருவர் எப்படி இருப்பார், தேறியவர் எப்படி இருப்பார் என்று இலங்கை மக்களிடமே கேட்டு, அந்தப் பதில்களிலிருந்து ஓர் அளவுகோலை உருவாக்கி 2008இல் வெளியிட்டார். இந்த இரண்டையும் அகராதியோடு உட்கார்ந்து வாசியுங்கள். மெதுவாகத்தான் போகும், போகட்டும்.

படிப்புக்குத் திறந்த பல்கலைக்கழகம்தான் உங்களுக்குத் தோது; வயதைக் காரணம் காட்டி வாசலில் நிறுத்த மாட்டார்கள், வேலையையும் விட வேண்டியதில்லை. ஆய்வு என்று ஒன்றைத் தொடங்குமுன் பல்கலைக்கழகமொன்றின் ஆய்வு ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி கட்டாயம். மக்களிடம் சம்மதம் வாங்கும்போது, முடிவை இன்ன மாதம் இதே மரத்தடியில் வந்து சொல்வோம் என்று படிவத்திலேயே எழுதிவிடுங்கள். தாள் நிரப்பிக்கொண்டு போனவர்கள் விட்ட இடம் அது.

பேராதனையில் இறுதி வருடம். வெளிநாட்டுக் கலாநிதிப் பட்டத்துக்காக 80 பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு பேர்தான் பதில் போட்டார்கள், அதுவும் இடமில்லை என்று. என்ன பிழை?
— லிங்கநகர்

80 பேருக்கும் ஒரே கடிதமா? பெயரை மட்டும் மாற்றினீர்களா? அப்படியானால் அந்த இரண்டு பேரும் மிகவும் நல்லவர்கள்.

எட்டுப் பேரைத் தெரிவுசெய்யுங்கள். ஒவ்வொருவருடைய அண்மைக் கட்டுரைகளில் இரண்டையாவது வாசித்து, அதில் உங்களுக்கு விளங்காத, ஆனால் நியாயமான ஒரு கேள்வியை இரண்டு வரியில் எழுதுங்கள். அடுத்த இரண்டு வரியில் உங்கள் இறுதி வருட ஆய்வில் நீங்கள் கையால் செய்தது என்ன என்று சொல்லுங்கள்: எலியா, கேள்வித்தாளா, கணினி நிரலா. ‘சிறு வயது முதலே மூளையில் ஆர்வம்’ என்ற வசனத்தை வெட்டுங்கள். எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள்.

அமெரிக்காவில் முதுமாணி இல்லாமலே நேரடியாகக் கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். நரம்பறிவியல் துறைகள் பொதுவாகக் கட்டணத்தையும் ஏற்று உதவித்தொகையும் தருகின்றன. முடிக்க ஐந்து ஆறு வருடம் போகும். பல விண்ணப்பங்கள் டிசம்பரில் மூடிவிடும். ஆகவே சிபாரிசுக் கடிதத்துக்கு விரிவுரையாளரை ஒக்டோபரிலேயே பிடியுங்கள், முதல்நாள் இரவு வாட்ஸப்பில் கேட்காதீர்கள். விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். கேட்டால் பல இடங்களில் தருவார்கள். ஐரோப்பாவில் பெரும்பாலும் முதுமாணி வேண்டும். ஜேர்மனியின் அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வருபவர்கள் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். ஆனால் விசாவுக்கு ஒரு வருடச் செலவாக ஏறக்குறைய 12,000 யூரோவை முடக்கிய வங்கிக் கணக்கில் காட்டச் சொல்வார்கள். காணியை ஈடுவைக்குமுன் புலமைப்பரிசில்களைப் பாருங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தை நம் பிள்ளைகள் மறந்தே போகிறார்கள். மூளையும் மனமும் ஒரே வளவுக்குள் ஆராயப்படும் இடம், சாப்பாடும் ஒத்துவரும். இந்தியத் தூதரகம் வழியாக இலங்கை மாணவருக்கு வரும் புலமைப்பரிசில் அறிவித்தல்களைக் கவனியுங்கள்.

இன்னொன்று. பணம் கட்டினால் மூன்று நாளில் கட்டுரையை வெளியிடுவோம் என்று உங்கள் மின்னஞ்சலுக்கு வரும் சஞ்சிகைகளுக்கு ஒரு சதமும் அனுப்பாதீர்கள். அந்த வரி உங்கள் சுயவிபரத்தில் இருந்தால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

டீச்சர், நான் பத்தாம் தரம். கோட்டைக்குள் இருக்கும் மான்களுக்கு ஆட்களை அடையாளம் தெரியுமா? இதை எப்படிக் கண்டுபிடிக்கலாம்?
— திருகோணமலை நகர்

தெரியலாம். அமெரிக்காவின் வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு முகமூடியைப் போட்டுக்கொண்டு காகங்களைப் பிடித்தார்கள். வருடங்கள் கழித்தும் அந்த முகமூடியைக் கண்டால் காகங்கள் கத்தித் துரத்தின. வேறு முகமூடியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மானுக்கு நீங்கள் செய்து பாருங்கள்.

ஒரு மானை நோக்கி நேராக, ஒரே வேகத்தில் நடங்கள். அது விலகத் தொடங்கியதும் நின்று, உங்களுக்கும் அது நின்ற இடத்துக்கும் எத்தனை எட்டு என்று எண்ணுங்கள். விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் உண்மையிலேயே பயன்படுத்தும் அளவு இது. தினமும் அந்த வழியாக நடக்கும் ஒருவரையும், முதன்முறை வந்த ஒருவரையும் மாறி மாறி நடக்கவையுங்கள். இருவரும் ஒரே நிறச் சட்டை, கையில் பை இருக்கக் கூடாது; பையைக் கண்டால் தீனி என்று நினைத்து அது கிட்ட வந்து உங்கள் கணக்கைக் குழப்பிவிடும். காலை மாலை வித்தியாசம் இருக்கும், நேரத்தையும் எழுதுங்கள். ஒரே மானிடம் திரும்பத் திரும்பப் போகாதீர்கள், அது உங்களுக்குப் பழகிவிடும். குட்டியோடு நிற்பதை விட்டுவிடுங்கள். எண்ணுகிறவருக்கு யார் பழகியவர், யார் புதியவர் என்று தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது. அதற்கு வேறு பாடசாலை நண்பன் ஒருவனைப் பிடியுங்கள். இருபது முப்பது மான்களுக்கு எண்ணி முடித்ததும் அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள். கூட்டிக் கழித்து அழகாக்க வேண்டாம், எழுதியபடியே வரட்டும்.